மயிரிழையின் விலை

குன்னத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமன் எழுதுவது.

நேற்றுப் பொழுதோட என் அக்கா, உன் அம்மா, போன் செய்தாள். முதல் போனஸ் பணத்தில் 11,000 ரூபாய்க்கு ஒரு சவர ரேசர் சொல்லி வைத்திருக்கிறாய், பாதிப் பணம் கட்டியும் ஆயிற்று, சாமான் வந்து சேரவில்லை, இது ஊதாரித்தனமில்லையா என்றாள். அவள் குரலில் கோபத்தைவிட வெசனம்தான் அதிகம் இருந்தது. ராத்திரி உன் செய்தியும் வந்தது. ஆறு வாரத்தில் தருகிறேன் என்ற கோவைப் பட்டறைக்காரர் பத்து வாரம் ஆகியும் அனுப்பவில்லை. இரண்டு தடவை பதில் போட்டவர் மூன்று வாரமாகப் பேச்சில்லை. கூடத் தங்கியிருக்கும் நண்பன், ரத்து செய்துவிட்டு ஊரறியத் திட்டிவிடு என்கிறான். ரத்து செய்தால் வேறு எதை வாங்குவது, செய்யாவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற காரியமாகத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு மிஷின் போட்டுப் பத்தொன்பது வருஷம் கம்பெனிகளுக்குப் பின்னலாடை ஜாப் ஒர்க் தைத்தவன் நான். சிறிய பட்டறை என்றால் என்ன, அதன் வாசலில் வந்து நிற்கிற வாடிக்கையாளன் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அக்காவின் கேள்விக்குப் பதில். இது ஊதாரித்தனமா? பிளேடு மாற்றிக்கொள்கிற சேப்டி ரேசர் பிறந்தபோதே விலை கூடிய பொருளாகத்தான் பிறந்தது. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் முதன்முதலாக விற்பனைக்கு இறங்கினார். அந்த வருஷம் முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மெல்லிய தகட்டு எஃகைக் கூர் நிற்கும்படி பதப்படுத்த முடியாது என்று பலர் கைவிரித்த வேலையை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் செய்து காட்டினார். 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. அன்றைக்கு ஒரு ரேசரின் விலை 5 டாலர், சாதாரணக் கூலிக்காரன் எட்டிப் பார்க்க முடியாத பணம். 1921-ல் காப்புரிமைக் காலம் முடிந்து மற்றவர்களும் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்த ரேசர் மலிவானது. கைப்பிடியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துப் பிளேடில் சம்பாதிக்கும் வியாபாரம் அதற்குப் பிறகு வேர்விட்டது. 1971-ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததும் அந்த வியாபாரம் முழுமை பெற்றது. அந்தக் கம்பெனியின் கைப்பிடியில் அந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும்.

இரண்டு பக்கமும் கூருள்ள பழைய பிளேடு அப்படிக் கட்டிப்போடாது. ஜெர்மனியில் செய்த ரேசரிலும் நம் பெட்டிக்கடை பிளேடு அப்படியே உட்காரும். கணக்குப் போட்டுப் பார். ஒரு பிளேடில் ஐந்து சவரம், வாரத்துக்கு ஐந்து சவரம் என்றால் வருஷத்துக்கு 52 பிளேடு. பிளேடு ஐந்து ரூபாய் என்று வைத்தால் 260 ரூபாய். கம்பெனி கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை அந்த ஒற்றைப் பிளேடைவிடப் பல மடங்கு. ஆக, நல்ல ரேசர் வாங்குவது தவறில்லை. ஆனால் பணம் மிச்சமாகும் என்ற சமாதானத்தை மட்டும் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. பணத்தை மிச்சம் பிடிக்கச் சில நூறு ரூபாய் ரேசரே போதும். 11,000 கொடுக்கிறாய் என்றால் அதன் வேலைப்பாட்டுக்காகக் கொடுக்கிறாய். அந்த வேலைப்பாடு என்ன என்று தெரிந்து கொடு.

நம் துணியை வைத்தே சொல்கிறேன். நிட்டிங் மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒரே ஒரு ஊசி கொஞ்சம் வளைந்தாலும் ரோல் முழுக்க நீடில் லைன் விழும். சாயம் போட்ட பிறகு அந்தக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பிசகு ஊசியில், கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் துணியில். ரேசரும் அப்படித்தான். பிளேடு என்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. அதை மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வளைத்துப் பிடித்து, இத்தனை கோணம், இத்தனை இடைவெளி, இத்தனை நீட்டம் என்று நிறுத்துவதுதான் ரேசரின் மொத்த வேலையும். அடித்தட்டின் ஓரத்துக் காப்புப் பட்டையையும் மேல்மூடியையும் தொட்டு ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தாண்டிப் பிளேடின் கூர் எவ்வளவு எட்டிப் பார்க்கிறதோ அதுவே நீட்டம். அது கூடினால் நெருக்கமாக வெட்டும், தோலையும் சீண்டும். குறைந்தால் சாதுவாக இருக்கும், அடர்ந்த தாடியில் இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டி வரும்.

விமான உதிரி பாகங்கள் கடைந்துகொண்டிருந்த கனடாப் பட்டறைக்காரர்கள் சிலர் ஹென்சன் என்ற பெயரில் அலுமினிய ரேசர் செய்கிறார்கள். அதில் பிளேடின் நீட்டம் ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 13 பங்கு, அதாவது சுமார் 0.03 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் கனம்கூட வராது. அந்த மயிரிழை அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், செய்கிற ஒவ்வொரு ரேசரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நீ கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு இந்த மயிரிழைக்குத்தான். பளபளப்புக்கும் மரப்பெட்டிக்கும் அதிகம் கொடுக்காதே.

அடுத்தது உலோகம். மலிவான ரேசர்களின் தலை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியது. குறைந்த விலையில் நல்ல வடிவம் கிடைக்கும். ஆனால் பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் உள்ளே அரிக்கும், மூடியின் திருகுத் தண்டு ஒரு நாள் முறிந்துவிடும். பித்தளை கனமானது, நெடுநாள் உழைக்கும், பூச்சு போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அலுமினியமும் டைட்டானியமும் எடை குறைவு. டைட்டானியம் கடைவதற்குக் கடினம் என்பதால் விலை ஏறும், சவரம் அதனால் ஒன்றும் மேம்படாது. துருப்பிடிக்காத எஃகில் 316எல் என்ற ரகத்தைக் கேட்டு வாங்கு. நம் சாயப்பட்டறைகளில் உப்பும் சூடும் தாங்கவேண்டிய டையிங் மிஷின்களைப் பெரும்பாலும் அந்த ரகத்தில் செய்கிறார்கள். அதில் கலந்த மாலிப்டினம் உப்பரிப்பைத் தடுக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணியில் குளிக்கிற நமக்கு அது வீண் செலவு ஆகாது. நீ சொல்லி வைத்திருப்பது அந்த ரகம் என்றால் தேர்வில் பிழையில்லை, அதற்காக ரத்து செய்ய வேண்டாம்.

ஆனால் ஒரு காரியம் நீ முன்பே செய்திருக்க வேண்டும், இப்போதாவது செய். உன் அப்புச்சியின் ஷேவிங் செட் அம்மாயியின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மூன்று துண்டாகக் கழலும் பித்தளை ரேசர், நிக்கல் பூச்சு ஓரங்களில் போய்விட்டது. அப்புச்சி அதில் டோபாஸ் பிளேடு மாட்டி, முற்றத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மழித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் நான் கற்றேன். ஊருக்கு வரும்போது அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாசம் பழகு. நாலு விதமான பிளேடு வாங்கி மாற்றி மாற்றிப் போடு, ஒரே ரேசர் பிளேடுக்குப் பிளேடு வேறு மாதிரி நடக்கும். உன் தோலுக்குச் சாதுவான ரேசர் வேண்டுமா, கொஞ்சம் வேகமுள்ளது வேண்டுமா என்பது அந்த மாசத்தில் தெரிந்துவிடும். தன் தோலை அறியாதவனுக்கு எந்த விலை ரேசரும் பொருந்தாது.

இனி பட்டறைக்காரர் விஷயம். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

பெரிய கம்பெனி ரேசரே வாங்கியிருக்கலாமோ என்று எழுதியிருந்தாய். இன்றைக்குப் பெரிதாகத் தெரிகிறவர்களும் சிறிதாகத் தொடங்கியவர்கள்தான். உலகமெல்லாம் பெயர் பெற்ற ஜெர்மனியின் மியூலே, 1945-ல் ஷ்டூட்சன்குரூன் என்ற சிற்றூரில் ஒருவர் பிரஷ் செய்வதற்காகத் தொடங்கிய தொழில். 1972-ல் கிழக்கு ஜெர்மனி அரசு அதை எடுத்துக்கொண்டது. பெர்லின் சுவர் இடிந்த பிறகு அந்தக் குடும்பம் 1990-ல் திரும்பப் பெற்று மறுபடி கட்டி எழுப்பியது. நம் பக்கத்தில் ஜி.டி. நாயுடு இருந்தார். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொடங்கியவர், டிரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த 'ரேசன்ட்' சவரக் கருவியைச் செய்தார், மிக மெல்லிய பிளேடும் செய்தார். 1937-ல் நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்த டி. பாலசுந்தரம் நாயுடுவும் அதே கோவைதான். அந்த வழியில் வந்த லேத்துப் பட்டறைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு சிஎன்சி மிஷின் போட்டிருக்கிறார்கள். உன் பட்டறைக்காரரும் அந்த மண்ணில் முளைத்தவர். அதற்காக அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசு என்கிறேன்.

சிறிய பட்டறையில் சாமான் ஏன் தாமதமாகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். கடைவது அவர் கையில் இருக்கும். பாலிஷ் வெளியே போகும், பூச்சு வெளியே போகும், பெட்டி இன்னொருவர் செய்வார். வெட்டும் டூல் தேய்ந்து ஒரு நூலளவு அளவு மாறினால் அந்த லாட் முழுக்க ஒதுங்கிவிடும். நமக்கும் அப்படித்தானே? நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம். 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு கெட்டது போதும் என்று உயர் நீதிமன்றம் நம் பக்கத்துச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தைக்கிற எங்களுக்குத் துணி வரவில்லை. உத்தரவு சரியானதுதான், ஆறு எல்லோருக்கும் சொந்தம். ஆனால் டெலிவரி தேதி எங்கள் தலையில் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு தப்பு செய்தேன். போன் அடிக்கும், எடுக்க மாட்டேன். சொல்வதற்குத் தேதி இல்லை என்ற வெட்கம். நாளைக்குத் துணி வந்துவிடும், வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் போகும். ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஏமாற்றுக்காரனாகத்தான் தெரிந்திருப்பேன். உன் பட்டறைக்காரரின் மூன்று வார மௌனத்தைப் படித்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. அவர் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படியும் இருக்கலாம். வெட்கத்தில் வாயடைத்தவனைத் திட்டினால் இன்னும் உள்ளே ஒதுங்குவான். அவன் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டால் வெளியே வருவான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு தடவை 1,200 பீஸ் தைத்து அனுப்பினேன். மறுநாள் வண்டியில் அப்படியே திரும்பி வந்து இறங்கியது. கூட வந்த சீட்டில் 'ரிஜெக்ட்' என்று ஒரே வார்த்தை. எந்தத் தையல், எந்த சைஸ், எத்தனை பீஸ், ஒன்றும் இல்லை. பில் மூன்று மாசம் நின்றது. அந்தச் சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட உன் அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. பிறகு வேறொரு கம்பெனிக்குத் தைத்தபோதும் குறை வந்தது. அங்கிருந்து வந்த பையன் டேப்பை எடுத்து அளந்தான், சாக்பீஸில் ஐந்து பீஸில் குறி போட்டான். "மீடியம் சைஸ் மட்டும், இடது தோள், கால் இஞ்ச் ஏறியிருக்கு அண்ணா" என்றான். அரை மணி நேரத்தில் எந்த மிஷினில் கைடு நகர்ந்தது என்று கண்டுபிடித்தோம். 180 பீஸைப் பிரித்துத் தைத்து மறுநாள் மத்தியானம் அனுப்பினோம். இரண்டு பேருக்கும் குறை சொல்ல உரிமை இருந்தது. இரண்டாமவனுடைய சரக்கு மட்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே அவருக்கு எழுது. ஆர்டர் போட்ட தேதி, கட்டிய தொகை, அவர் சொன்ன ஆறு வாரம், இன்றைக்கு ஆன நாள், இவற்றை வரிசையாகப் போடு. பிறகு இரண்டே கேள்வி. இப்போது எந்த வேலையில் நிற்கிறது? உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடிகிற தேதி எது? பதிலுக்குப் பத்து நாள் கொடு. அந்த நாளுக்குள் பதில் வராவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்பேன் என்பதையும் அதே கடிதத்தில் மரியாதையாகச் சொல்லிவிடு. அவர் நேர்மையாக இன்னும் ஒரு மாசம் என்றால் ஒப்புக்கொள்வதும் ரத்து செய்வதும் உன் விருப்பம். ரத்து செய்தால்கூடப் பகையில்லாமல் செய்.

ரேசர் கைக்கு வந்தால் உடனே முகத்தில் வைக்காதே. பழகிய ரேசரை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள், எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. முதலில் பிளேடு மாட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு எட்டிப் பார்க்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார். திருகு தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். காப்புப் பட்டையில் விரலை மெல்ல ஓட்டினால் பிசிறு தட்டக் கூடாது. குறை இருந்தால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடு. எந்தப் பக்கம், எவ்வளவு என்று அந்த டேப் பையனைப் போல எழுது. முதலில் அவரிடம் மட்டும் சொல். சரிசெய்கிறாரா, மாற்றித் தருகிறாரா, பணம் தருகிறாரா என்று கேள். சரிசெய்து தந்தால், குறையைச் சொன்ன அதே வாயால் அதையும் நாலு பேருக்குச் சொல்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. சிறியவர் என்பதற்காகப் பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி பில், பணம் கட்டிய அத்தாட்சி, செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. பதிலும் இல்லை, பணமும் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடு. 2019-ம் வருஷச் சட்டப்படி நீ குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஏமாற்றுகிறவனைத் தப்பவிட்டால் அந்தக் கெட்ட பெயர் நேர்மையாகக் கடைகிற பத்துப் பட்டறைகளின் மேல் விழும். அதனால் அந்தப் புகார் அவர்களுக்கும் செய்கிற நன்மை.

சவரத்தைப் பற்றி நாலே வார்த்தை. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, ஒரு டம்ளர் நல்ல தண்ணி எடுத்துக்கொள். முடி வளர்ந்த போக்கிலேயே முதலில் இழு. கையால் அழுத்தாதே, ரேசரின் கனமே போதும். முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரத்தில் தடவு. தேய்ந்த பிளேடைக் குப்பையில் வீசாதே. ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதில் சேர்த்து வை. நம் குப்பையை அள்ளுகிறவர்கள் பல பேர் வெறுங்கையால் அள்ளுகிறார்கள்.

ரேசரை அப்புச்சியைப் போல ஐம்பது வருஷம் வைத்திருக்கப் போகிறவன் நீ. அதைச் செய்தவரோடு உனக்குள்ள பேச்சும் அந்த அளவுக்கு நன்றாக இருக்கட்டும். அந்தப் பட்டறையில் இன்னமும் விளக்கு எரிகிறதா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். இன்று ராத்திரியே அந்த இரண்டு கேள்வியை எழுதி அனுப்பு, மாப்பிள்ளை.

அன்புடன்,
உன் மாமன்